தானே எரியும் விளக்கு
(ஓசூரில் பேசியது)

இருட்டினால் தானே எரிந்து, வெளிச்சம் வந்தால் தானே அணைகிற விளக்கொன்றை மேஜைமீது வைத்திருக்கிறோம். இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. காட்மியம் சல்பைடு வில்லை ஒன்று, டிரான்சிஸ்டர் ஒன்று, தடைகள் இரண்டு, எல்.இ.டி. ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, இவ்வளவே. வெளிச்சத்தில் வில்லை மின்சாரத்தைத் தன் வழியே விடுகிறது, இருட்டில் தடுக்கிறது. தடுக்கப்பட்ட மின்சாரம் டிரான்சிஸ்டர் பக்கம் திரும்பி விளக்கை ஏற்றுகிறது. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டுக்கு 470 ஓம் தடை வைத்தால் 15 மில்லி ஆம்பியர் ஓடும். வகுத்தல் கணக்குத் தெரிந்தவர் எவரும் செய்யலாம்.

நீல எல்.இ.டி.க்காக 2014-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான நகமுரா, ஜப்பானில் ஒரு சிறு கம்பெனியில் தம் கருவிகளைத் தாமே திருத்திக்கொண்டு உழைத்தவர்.

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் மின்னணுப் பாகங்கள் செய்கிறார்கள். கையை மட்டும் கொடுத்துவிட்டு, மூளையைப் பிறருக்கு விட்டுவிடுவதா? ஆயுத பூசையன்று கருவிக்குப் பொட்டு வைக்கிற நாம், அதைத் திறந்து பார்த்ததுண்டா? பையனுக்குக் கொடுக்கும் சால்டரிங் கோலைப் பெண்ணுக்கும் கொடுத்ததுண்டா?

வீட்டு மின்கம்பியைத் தொடவேண்டாம், பேட்டரியில் தொடங்குங்கள். நாம் சொல்வதை நம்பவும் வேண்டாம். செய்து பார்த்து முடிவு செய்யுங்கள்.