கையில எத்தனை வேலை இருக்கு?

சாந்தோம் ஹை ரோட்ல ஸ்கூல் விடுற நேரத்துல வண்டி ஓட்டியிருக்கீங்களா? ஏற்கெனவே நிக்கிற ரோட்டுக்குள்ள இன்னும் பத்து வண்டி நுழைஞ்சா யாரும் சீக்கிரம் வீடு போய்ச் சேர மாட்டாங்க. சாஃப்ட்வேர் டீமும் அப்படித்தான்னு நான் நினைக்கிறேன்.

1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு எளிய கணக்கு இருக்கு. டீம் கையில் 20 வேலை, வாரத்துக்கு 4 முடியுதுன்னா, ஒரு வேலை முடிய சராசரியா 5 வாரம். அதே வேகத்தில் கையில் 8 மட்டும் வச்சிருந்தா 2 வாரம். யாரும் கூடுதலா உழைக்கல!

இது பக்கத்து ஊர்லயே நடந்திருக்கு. 2004-ல் மைக்ரோசாஃப்டுக்காக ஹைதராபாத்தில் ஒரு சின்ன டீம்: 3 டெவலப்பர், 3 டெஸ்டர். ஒரு கோரிக்கை முடிய சுமார் 5 மாசம். மேனேஜர் டிராகோஸ் டுமிட்ரியுவும் டேவிட் ஆண்டர்சனும் நேரத்தைத் தின்ன எஸ்டிமேட் வேலையை நிறுத்தினாங்க. உள்ளே வரும் வேலைக்கு வரம்பு வச்சாங்க. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. 9 மாசத்தில் அந்த 5 மாசம் சுமார் 2 வாரமா குறைஞ்சுது. சாஃப்ட்வேரில் இன்னைக்கு கான்பான்னு சொல்றோமே, அதன் தொடக்கம் அங்கேதான்.

அதனால, லேட் ஆகும்போதெல்லாம் 'நான்தான் ஸ்லோ'ன்னு நினைச்சுக்காதீங்க. அடுத்த தடவை "இதையும் கொஞ்சம் பாருப்பா"ன்னு யாராவது வந்தா, "பார்க்கிறேன், இதுக்குப் பதிலா எதை நிறுத்தி வைக்கட்டும்?"னு கேளுங்க.