சொரசொரப்பு என்றால் எவ்வளவு?
(கல்லூரி நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவியருக்கு ஆற்றிய உரை)



மயக்கமருந்து வைத்தியரான நான் விமான எஞ்சினைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஏற்பாட்டாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். நீரிழிவைப் பற்றிப் பேசலாமே என்றார்கள். அதைப் பேசப் பலர் இருக்கிறார்கள். காற்று குழாய்க்குள் எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் என் அன்றாடத் தொழில். எஞ்சினுக்குள் போவதும் அதே காற்றுத்தான்.

மேலே சுற்றும் மின்விசிறியைப் பாருங்கள். நாள் முழுக்கச் சுற்றியும் அதன் தகட்டில் தூசி ஒட்டியே கிடக்கிறது. ஏன் பறக்கவில்லை? தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று தகட்டோடேயே சுற்றுவதால்தான். தொடும் இடத்தில் சார்பு வேகம் பூச்சியம். விலக விலகத்தான் வேகம் கூடும். இந்த மெல்லிய பகுதியை எல்லைப்படை என்கிறோம். ஜேர்மனியரான லுட்விக் பிராண்டில் 1904இல் இதை விளக்கினார்.

விமான எஞ்சினிலும் மின்நிலையத்து வாயு டேர்பைனிலும் முன்பக்கத்தில் அமுக்கி, அதாவது கொம்பிரசர், இருக்கிறது. வரிசை வரிசையான தகடுகள் காற்றை நெருக்கி எரியறைக்குள் தள்ளுகின்றன. மின்நிலைய டேர்பைன் பிறப்பிக்கும் வலுவில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ இந்த அமுக்கியைச் சுற்றுவதற்கே போய்விடும். ஆகவே இங்கே ஏற்படும் சிறு நட்டம்கூட எரிபொருட் கணக்கில் பெரிதாகத் தெரியும்.

புதிய தகடு மினுமினுப்பாக இருக்கும். நாளாக ஆகக் கடற்காற்றின் உப்பும் தூசியும் எண்ணெய்ப் புகையும் படிகின்றன, மணல் அரிக்கிறது. கொந்தளிப்புப் பாய்ச்சலில், தகட்டை ஒட்டி இன்னும் மெல்லிய ஒரு படை உண்டு. அங்கே பிசுக்குமையின் ஆட்சிதான்; சுழிகள் அடங்கிவிடும். மேற்பரப்பிலுள்ள மேடுகள் அந்தப் படைக்குள் மூழ்கிக் கிடந்தால் காற்றுக்கு அவை இருப்பதே தெரியாது. வெளியே தலைநீட்டினால் ஒவ்வொரு மேடும் தன் பின்னால் சுழிகளை உண்டாக்கும். உராய்வு கூடும், எல்லைப்படை தடிக்கும். அமுக்கிக்குள் காற்று குறைந்த அமுக்கத்திலிருந்து கூடிய அமுக்கத்துக்குப் போகிறது; மேட்டில் ஏறுவது போல. தடித்துக் களைத்துப்போன எல்லைப்படையால் ஏறமுடியாது. அது தகட்டைவிட்டுப் பிரிந்துவிடும். திறன் குறையும், நிலைமை மோசமானால் பாய்ச்சலே குலைந்துபோகலாம்.

எவ்வளவு மேடு கூடாது? பொறியியலாளரிடம் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. காற்றின் பிசுக்குமையை அடர்த்தியால் வகுத்து, நூறால் பெருக்கி, வேகத்தால் வகுக்க வேண்டும். செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தில் சாதாரணக் காற்று போனால் விடை சுமார் 7 மைக்ரோமீற்றர். உங்கள் செங்குருதிக் கலமொன்றின் விட்டமும் ஏறத்தாழ அதுவே. இதை முதலில் கணக்கிட்டுப் பார்த்தபோது நான் பேனையை வைத்துவிட்டு மறுபடியும் கணக்கிட்டேன். அமுக்கியின் பின்வரிசைகளில் காற்று நெருங்கி அடர்த்தி கூடிவிடுவதால் அங்கே அனுமதி இன்னும் குறைவு. உயரப் பறக்கும்போதோ காற்று ஐதாகி அந்த மெல்லிய படை தடிக்கும். தரைக்கருகே சொரசொரப்பாக நடந்துகொண்ட தகடு அங்கே வழுவழுப்பானதுபோல நடந்துகொள்ளும். கையால் தடவிப் பார்த்து முடிவுசெய்யும் விடயமல்ல இது.

ஜேர்மனியில் நிக்குராட்சே என்பவர் குழாய்களின் உட்சுவரில் மணலை ஒட்டி, நீரைச் செலுத்தி அளந்து, 1933இல் முடிவுகளை வெளியிட்டார். நீர் மெதுவாக, அருவிக்கோட்டுப் பாய்ச்சலாகப் போனபோது அந்த மணலால் வித்தியாசமே தெரியவில்லை. கொந்தளித்த பிறகுதான் சுவரின் குணம் வெளிப்பட்டது. சொரசொரப்பு எப்போதும் கேடுமல்ல. மிக மெதுவான பாய்ச்சலில் கொஞ்சம் சொரசொரப்பு காற்றைச் சீக்கிரம் கொந்தளிக்கச் செய்து, தகட்டைவிட்டுப் பிரியாமல் காக்கும். கொல்ஃப் பந்தின் குழிகள் செய்யும் வேலையும் அதுதான்.

உயிரியல் பிரிவுத் தங்கைமார் பௌதிகவியலை மூன்றாம் பாடமாகச் சகித்துக்கொள்வதை நான் அறிவேன். நீங்கள் மனனம் செய்யும் புவாசேயின் சமன்பாட்டைத் தந்தவர் ஒரு வைத்தியர். இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறியத்தான் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளந்தார். ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் 1883இல் காட்டிய எண்ணோ என் கட்டில் ஓரத்து விடயம். தொண்டை வீங்கி மூச்சு வழி ஒடுங்கிய நோயாளியிடம் காற்று அந்த ஒடுக்கத்தில் கொந்தளிக்கும். ஒவ்வொரு மூச்சும் பாரமான வேலையாகும். ஒட்சிசனோடு நைதரசனுக்குப் பதிலாக ஈலியத்தைக் கலந்து கொடுத்தால் அடர்த்தி குறைந்து கொந்தளிப்புத் தணியும். அமெரிக்க வைத்தியர் அல்வன் பராக் 1930களில் தொடங்கிய முறை இது. நோயைக் குணப்படுத்தாது. ஆனால் குழாய் போடும்வரை நேரம் வாங்கித் தரும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வைத்தியசாலை ஜெனரேற்றர் எடுக்கும்வரை வென்டிலேற்றர் பற்றரியில் ஓடும். அந்தச் சில விநாடிகளில் அந்த அறையில் யாரும் பேசமாட்டோம். அதுவரை டீசல் எனக்கு வீதியோர விடயம். அந்த மின்வெட்டுக்குக் காரணம் தகட்டு அழுக்கு என்று நான் சொல்லவில்லை. அது டொலர் இல்லாமற்போன கதை. ஆனால் களனிதிஸ்ஸவில் இருப்பது போன்ற வாயு டேர்பைன்களில் தகடு அழுக்கானால் அதே மின்சாரத்துக்குக் கூடுதல் எண்ணெய் எரியவேண்டும் என்பது பௌதிகவியல்.

இதற்கு வைத்தியம் கழுவுதல். எஞ்சினை ஆறவிட்டு, எரிபொருளின்றி மெதுவாகச் சுற்றவிட்டு, சவர்க்கார நீரைத் தெளித்து, பிறகு நல்ல நீரால் அலசுவார்கள். படிந்த அழுக்குப் போய், இழந்த வலுவில் பெரும்பகுதி மீளும். விமான எஞ்சின்களையும் இப்படியே கழுவுகிறார்கள். மணல் அரித்த குழிகளோ கழுவினால் போகா. அந்தத் தகடுகளை எடுத்து மினுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

கணிதப் பிரிவுத் தங்கைமாரில் இருவர் எப்போதோ கையுயர்த்திவிட்டார்கள். முதலில் அவர்களின் கேள்விகளைக் கேட்போம்.