மூன்றாம் நாள் மண்வெட்டி

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆப்பிரிக்க மக்களிடையே நாங்கள் வாழ்ந்த வாழ்வைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். சிங்கமும் யானையும் வருமென்று எதிர்பார்த்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர்கள் எங்களைப் பொறுத்தருள வேண்டும். எங்கள் கதையில் வருவன ஒரு வாய்க்காலும் ஒரு மண்வெட்டியுமே.

1984ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுகள் நாங்கள் இருவரும் தான்சானியாவில் ஆசிரியப்பணி புரிந்தோம். 5,895 மீட்டர் உயர்ந்து நிற்கும் கிளிமஞ்சாரோ மலையின் தென்சரிவில், மோஷி நகருக்கு மேலே, சாகா மக்கள் வாழும் சிற்றூர் ஒன்றில் எங்கள் பள்ளி இருந்தது. எங்கு நோக்கினும் வாழைத் தோட்டங்கள், வாழை நிழலில் காப்பிச் செடிகள், தோட்டத்துக்குள்ளேயே வீடு. வாழைத்தாறுகளைக் கண்ட முதல்நாள், காவிரிக்கரைக்கே வந்துவிட்டோமோ என்று மயங்கினோம்.

அவ்வூரார் பிறர் வாசலில் நின்று ‘ஹோதி’ என்று குரல் கொடுப்பர். உள்ளிருந்து ‘கரிபு’ என்னும் வரவேற்பு வந்த பின்னரே நுழைவர். மூத்தோரைக் கண்டால் இளையோர் ‘ஷிகமோ’ என்பர். ‘தங்கள் பாதம் பற்றுகிறேன்’ என்பது அதன் பழம்பொருள் என்று சொல்வர். மூத்தவர் ‘மரஹாபா’ என்று அதனை ஏற்பார். பின்னர் வீட்டார் நலம், குழந்தைகள் நலம், வேலையின் நலம் என வரிசையாக உசாவுவர். இவை முடியுமுன் எவரும் வந்த காரியத்தைச் சொல்லார். நாங்களோ முதல் வாரத்தில் அடுத்த வீட்டு மூதாட்டியிடம் சென்று, எடுத்த எடுப்பில் “பால் கிடைக்குமா?” என்றோம். அவர் எங்களைச் சற்றே நோக்கி, “உங்கள் நாட்டில் எல்லாரும் நலந்தானே?” என்று தாமே தொடங்கினார். பால் பிறகுதான் வந்தது.

அவ்வாண்டுகளில் அந்நாட்டில் சர்க்கரைக்கும் சோப்புக்கும் பெருந்தட்டுப்பாடு. ஆயினும் மூதாட்டிக்குக் கிடைத்த சர்க்கரையில் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஏன் என்று கேட்டால், “நீங்கள் விருந்தினர்” என்பார். அச்சொல் எங்களுக்கு இனித்தது. இனித்தமையால் அதிலேயே தங்கிவிட்டோம்.

மலைக்காட்டு ஓடைகளிலிருந்து சரிவு வழியே இறங்கிவரும் வாய்க்கால்களே அவ்வூரின் உயிர். பல தலைமுறைகளுக்கு முன் அம்மக்களின் முன்னோர் வெட்டியவை அவை. அவ்வப்போது வீட்டுக்கு ஒருவர் வந்து தூர் எடுப்பர். நம் நாட்டுக் குடிமராமத்தைப் போன்றதே. “முதல் மணிக்கு வாருங்கள்” என்று எங்களுக்கும் சொல்லி அனுப்பினர். நாங்கள் பகல் ஒரு மணிக்குச் சென்றோம். ஊரார் வேலையை முடித்து மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தனர்! சுவாகிலி மொழியில் பகற்பொழுது சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படும். காலை ஏழு மணியே அவர்க்கு முதல் மணி. உதயாதி நாழிகை கணித்தவர்களின் பேரப்பிள்ளைகள், கைக்கடிகாரத்தை நம்பி ஏமாந்தோம்.

ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. மெய்யைச் சொன்னால், வெட்கத்தினூடே ‘தப்பினோம்’ என்ற நிம்மதியும் எங்களுக்கு இருந்தது. மறுமுறை அழைப்பு வந்தபோது, மணிக்கணக்கு நன்கு தெரிந்திருந்தும், விடைத்தாள் திருத்த வேண்டும் என்று சாக்குச் சொல்லி வீட்டிலிருந்தோம்.

பின்னர் மழை பொய்த்தது; எங்கள் வீட்டுக் குழாயும் வற்றியது. குடத்துடன் வாய்க்காலுக்குச் சென்றோம். நீர் மொண்டுகொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டனர். அவர்கள் கடிந்திருந்தால்கூட அத்துணை சுட்டிராது.

உடன் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவர் வழி காட்டினார். அங்குத் தோட்ட வேலிகளில் ‘மசாலே’ என்னும் செடி நிற்கும். பிழை செய்தவர் அதன் இலையை ஏந்தி வந்தால், மன்னிக்க மறுத்தல் சாகா மரபன்று. இலையை ஏந்தி மூதாட்டியின் வாசலில் நின்று ‘ஹோதி’ என்றோம். அவர் இலையை வாங்கிக்கொண்டார். உள்ளே சென்று ஒரு மண்வெட்டியைக் கொணர்ந்து எங்கள் கையில் தந்து, அந்நாட்டுப் பழமொழி ஒன்றைச் சொன்னார்: “விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் மண்வெட்டி கொடு.”

அடுத்த தூரெடுப்பில் ஏழு மணிக்கு முன்னரே நின்றோம். நண்பகலுக்குள் கைகள் கொப்புளித்தன. நாங்கள் வெட்டிய நீளத்தை ஒரு சிறுவன் ஓரெட்டில் தாண்டிக் காட்டினான், ஊரே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். வாழைக்காயும் அவரை விதையும் சேர்த்து ஆக்கிய ‘கிபுரு’வை எல்லாருடனும் அமர்ந்து உண்டோம். அதன்பின், சர்க்கரைக் கிண்ணம் வெறுமனே திரும்பிச் செல்வதில்லை. எங்களிடம் உள்ளதில் ஒரு பங்கு அதில் சென்றது.

அன்பர்களே! இக்குடியிருப்புக்கு நாம் வந்து பல்லாண்டுகள் ஆயின. இவ்வூர் நீரைப் பருகுகிறோம். நம் பிள்ளைகள் இவ்வூர் மொழியில் விளையாடுகின்றனர். ஆயினும் தெருவில் சாக்கடை அடைத்தால், அடுத்த வீட்டில் துக்கம் நேர்ந்தால், ‘நாம் வெளியூரார்’ என்று கதவைச் சாத்திக்கொள்வோர் நம்மிடையே உண்டு. நாங்களும் அப்படி இருந்தவர்களே. நமக்கு மூன்றாம் நாள் என்றோ விடிந்துவிட்டது.

விடைபெறும்போது மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். “உங்கள் ஊரில் வாய்க்கால் இல்லையா?” என்று கேட்டு, பிடியைக் கழற்றி இரும்பை மட்டும் எங்கள் பெட்டியில் வைத்தார் மூதாட்டி. அதற்கு இங்கே புதுப்பிடி போட்டுள்ளோம். வேண்டுவோர் வந்து எடுத்துச் செல்லலாம். வரும் ஞாயிறு காலை தெருக்கோடியில் அதற்கு வேலை இருக்கிறது. நாங்கள் முதல் மணிக்கே அங்கிருப்போம்.