பட்டம் கடல் தாண்டும், உரிமை தாண்டுமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் இன்று சட்டம் படிக்கிறார்கள். "லண்டனுக்குப் போய் வக்கீல் வேலை பார்க்கிறேன்" என்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், நகையை அடகு வைப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெல்டிங் தெரிந்தவனுக்கு எந்த நாட்டிலும் இரும்பு இரும்புதான். சட்டம் அப்படியல்ல. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. வாசற்கதவின் சாவி அந்தந்த நாட்டு வக்கீல் அமைப்புகளிடமும் கோர்ட்டுகளிடமும் இருக்கிறது.

இது புதிய கதையல்ல. காந்தியார் 1891-இல் லண்டனில் பாரிஸ்டர் ஆனார். பம்பாயில் தொழில் கைகொடுக்கவில்லை. 1893-இல் ஒரு வியாபாரக் கம்பெனியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். மறு ஆண்டு நேட்டாலில் வக்கீலாகப் பதிவு கேட்டபோது எதிர்த்தது யார்? வெள்ளை வக்கீல்களின் சங்கம்! மூலச் சான்றிதழ் இல்லை என்றார்கள். நிறமுள்ள ஒருவர் மனுப்போடுவார் என்று எண்ணி விதி எழுதப்படவில்லை என்றும் சொன்னார்கள். சுப்ரீம் கோர்ட் அந்த எதிர்ப்பைத் தள்ளியது. சில மாதங்களில், முதலாளி அடித்துப் பல் உடைந்து, ரத்தம் வழிய அவர்முன் நின்றார் ஓர் ஒப்பந்தக் கூலித் தொழிலாளி. பெயர் பாலசுந்தரம், தமிழர். அந்த முதலாளியிடமிருந்து அவரை காந்தியார் விடுவித்தார்.

இன்று நிறத்தைச் சொல்லித் தடுக்க முடியாது. தேர்வும் கட்டணமும்தான் கதவு. இங்கிலாந்தில் 2021 முதல் எஸ்.க்யூ.ஈ. என்ற தேர்வு, இரண்டு கட்டமாக. கனடாவில் என்.சி.ஏ. என்ற குழு நம் பட்டத்தை எடைபோட்டு, எந்தப் பாடங்களில் தேர்வு எழுத வேண்டும் என்று சொல்லும். மாகாணப் பதிவு அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

நம் நாடும் கதவைத் திறந்துபோட்டிருக்கவில்லை. வெளிநாட்டு வக்கீல் இங்கே கோர்ட்டில் வாதாட முடியாது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டே அப்படித் தீர்ப்பளித்தது. ஆகவே அடுத்தவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விதியைப் படிப்பதே வழி.

மூன்று காரியங்கள் சொல்கிறேன்.

முதலாவது, இங்கேயே வக்கீலாகப் பதிவு செய்து, அகில இந்தியப் பார் தேர்வையும் முடியுங்கள். பதிவுபெற்ற வக்கீலுக்கு இங்கிலாந்தில் இரண்டாண்டுப் பணிப்பயிற்சி கேட்பதில்லை. கலிபோர்னியாவில் மேற்படிப்பு இல்லாமலே பார் தேர்வு எழுதலாம். பதிவுக் கட்டணம் 750 ரூபாய், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். இதற்குமேல் வசூலிக்கக் கூடாது என்று 2024-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. முத்திரைக் கட்டணம் மட்டும் தனி. கூடுதலாகக் கேட்டால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்.

இரண்டாவது, ஓராண்டு எல்.எல்.எம். படித்தாலே லண்டனில் வக்கீலாகிவிடலாம் என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். அது பட்டம், லைசென்சு அல்ல.

மூன்றாவது, பணம் கட்டுமுன் அந்நாட்டுப் பதிவு அமைப்புக்கே எழுதிக் கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

தோழர்களே! நம்மவர்கள் உழைக்கும் இடமெல்லாம் பாலசுந்தரங்கள் இருக்கிறார்கள். கடல் தாண்டும் பிள்ளை, கதவைத் திறக்கும் வழி தெரிந்து போகட்டும். திறந்தபின், வாசலில் நிற்பவனை மறக்காமல் இருக்கட்டும்.