அகராதியின் நெற்றியில் இரண்டு சொற்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

மேடையில் அடுக்கி வைத்திருக்கும் பரிசுகளில் பாதிக்கு மேல் அகராதிகள். கோப்பை கொடுத்தால் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். அகராதி கொடுத்தால் பிள்ளைகள் கையில் புழங்கும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல முடிவு. நான் அச்சுத் தொழிலில் வயிறு வளர்த்தவன். அகராதியின் பெருமையைப் பேராசிரியர்கள் பேசட்டும். நான் அதன் நெற்றியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தம்பி தங்கைகளே, உங்கள் அகராதியைத் திறந்து ஏதாவது ஒரு பக்கத்தின் மேல் விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலான அகராதிகளில் அங்கே இரண்டு சொற்கள் இருக்கும். ஒன்று அந்தப் பக்கத்தின் முதல் சொல். மற்றது கடைசிச் சொல். நீங்கள் தேடும் சொல் இரண்டுக்கும் நடுவே வருமானால் அந்தப் பக்கத்தில் தேடலாம். வராவிட்டால் பக்கத்தைத் திருப்ப வேண்டியதுதான். முழுப் பக்கத்தையும் படிக்க வேண்டாம். நெற்றியைப் பார்த்தாலே போதும்.

இந்த இரண்டு சொற்களை அச்சில் ஏற்றுவது அந்தக் காலத்தில் லேசான வேலையா? இல்லீங்க. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அது ஈய எழுத்துக் காலம். எழுத்துகளை வரி வரியாகக் கோத்து, பக்கமாகக் கட்டிய பிறகுதான் எந்தச் சொல் முதலில் நிற்கிறது, எது கடைசியில் நிற்கிறது என்று தெரியும். அதைக் கண்ணால் பார்த்து, தலைப்பைத் தனியாகக் கோத்து மேலே வைக்க வேண்டும். புரூஃப் திருத்தும் புலவர் நடுவிலே இரண்டு வரி சேர்த்துவிட்டாரானால் போச்சு! இந்தப் பக்கத்தின் கடைசிச் சொல் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். அதன் கடைசிச் சொல் அதற்கடுத்த பக்கத்துக்குப் போகும். அத்தனை பக்கங்களின் நெற்றியையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

இந்த வேலையை இன்று கணினி செய்கிறது. எப்படிச் செய்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகளின் தோற்றம் பிடிக்காமல், 1977இல் தாமே அச்சுக்கோக்கும் நிரல் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். அதன் பெயர் டெக். அதில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு தலைச்சொல்லோடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்துவிடலாம். நிரல் முதலில் பக்கத்தை வெட்டுகிறது. வெட்டி முடித்த பிறகு, அந்தப் பக்கத்தில் அகப்பட்ட முதல் குறி எது, கடைசிக் குறி எது என்று பார்த்து நெற்றியில் எழுதுகிறது. ஒரு சொல்லின் விளக்கம் நீண்டு, புதுச் சொல்லே தொடங்காத பக்கம் வந்தால்? முந்திய பக்கத்தின் கடைசிக் குறியை நினைவில் வைத்திருந்து அதைப் போடுகிறது. நடுவிலே நூறு வரி சேர்த்தாலும் கவலையில்லை. மறுபடி ஓட்டினால் எல்லா நெற்றிகளும் தாமே மாறிவிடும்.

இரண்டு பத்தியாக அச்சிடும்போது மட்டும் ஒரு சிக்கல் வந்தது. டெக்கின் மேல் கட்டப்பட்ட லேடெக்கில், இடப்பத்தியின் குறிகள் தவறிப்போகும் குறை நெடுநாள் இருந்தது. அதற்குத் தனி ஒட்டுத் துண்டு சேர்த்துச் சமாளித்தார்கள். 2015இல் அந்தத் திருத்தத்தை லேடெக்கின் அடிப்படைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

சரி, எல்லாம் கணினியே செய்துவிடுகிறது, நமக்கென்ன வேலை என்று நினைக்காதீர்கள். இனிமேல்தான் நம் பங்கு வருகிறது.

ஏழு சொற்களை எடுத்துக்கொள்வோம். பந்து, பயிர், பரிசு, பலகை, பழம், பறவை, பனை. இதுதான் நம் அகரவரிசை. ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முதல் வகுப்பிலே பாடினோமே, அதே வரிசை. ஆனால் கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். 1991இல் வந்த யூனிகோடில், இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த ஒரு அடுக்கைப் பின்பற்றித் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்தார்கள். அந்த அடுக்கில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கச் சொன்னால் கணினி என்ன செய்யும் தெரியுமா? பந்து, பனை, பயிர், பரிசு, பறவை, பலகை, பழம்! கடைசியில் நிற்க வேண்டிய பனை இரண்டாம் இடத்துக்கு ஓடிவந்துவிடும். நெற்றியில் “பந்து – பழம்” என்று அச்சாகும். பனையைத் தேடும் பிள்ளை, ழ-வுக்குப் பிறகுதானே ன என்று சரியாகவே நினைத்து, அடுத்த பக்கம் போய்விடும். சொல் இந்தப் பக்கத்திலேயே இருக்கும். பிள்ளைக்கு மட்டும் கிடைக்காது. நெற்றிமேல் குற்றமில்லை, உள்ளே இருக்கும் வரிசையைத்தான் அது காட்டுகிறது.

ஆகவே தமிழ் வரிசையைத் தனி அட்டவணையாக எழுதிக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு எந்த இடம் என்பதையும் விதியாகச் சொல்ல வேண்டும். அந்த அட்டவணை இன்று இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதியதால் இருக்கிறது. நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினியில் தமிழ் எழுத ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முயன்று கூட்டிய மாநாட்டில் இணையத் தமிழைப் பற்றிப் பேசினார்கள். நமக்குப் பக்கத்திலேயே நடந்த காரியங்கள் இவை.

பெற்றோர்களே, “கைப்பேசியில் தட்டினால் சொல் வருகிறதே, பிள்ளைக்கு அகரவரிசை எதற்கு?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். தட்டினால் வருவது சரியா தப்பா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே! ய-வில் தொடங்கி ன வரை தடுமாறாமல் சொல்லும் பிள்ளை, பனை இடம் மாறி நிற்பதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கும். வரிசை தெரியாத பிள்ளைக்கு அங்கே தப்பு நடந்திருப்பதே தெரியாது. கணினி படித்தால் பிழைக்கலாம், தமிழ் படித்து என்ன லாபம் என்பவர்களுக்கும் இதுதான் என் பதில். கணினிக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் வேலையை, இரண்டும் படித்தவர்தான் செய்ய முடியும். அந்தப் பிள்ளைகள் இதே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாணவச் செல்வங்களே, இன்றிரவே வீட்டில் ஒரு விளையாட்டு விளையாடுங்கள். அம்மா ஒரு சொல்லைச் சொல்லட்டும். நீங்கள் நெற்றிச் சொற்களை மட்டும் பார்த்துப் பக்கத்தைப் பிடியுங்கள். எத்தனை முறை பக்கம் திருப்பினீர்கள் என்று அண்ணனோ அக்காவோ எண்ணட்டும். ஒரு வாரம் போனால் எண்ணிக்கை தானாகக் குறையும்.

அகராதியை அலமாரியில் வைக்காதீர்கள். மூலை மடங்கட்டும், அட்டை தேயட்டும். அச்சுக்காரனுக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.