‘தெரியவில்லை, செய்து பார்ப்போம்’ என்று சொல்லலாமே!

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெங்காயம் நறுக்கினால் கண்ணில் ஏன் நீர் வருகிறது? அறுந்து விழுந்த பல்லி வால் ஏன் துடிக்கிறது? மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் ஏன் அவ்வளவாகக் குளிர்வதில்லை? பாடத்தின் நடுவே குழந்தைகள் இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் நமக்கும் உடனே விடை தோன்றுவதில்லை. அப்போது நாம் சொல்லும் முதல் வாக்கியம் என்ன? அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

இன்றைய தான்சானியாவில் 1963ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி. எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவன் தன் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தான். பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, ஆறவைத்த பிறகே உறைபெட்டியில் வைக்க வேண்டும். பெட்டியில் இடம் குறைவு. இடம் போய்விடுமே என்று எம்பெம்பா சூடான பாலையே உள்ளே வைத்துவிட்டான். இன்னொரு மாணவன் பாலைக் காய்ச்சாமலேயே வைத்தான். சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், எம்பெம்பாவின் பால் உறைந்திருந்தது; மற்றவனுடையது உறையவில்லை.

ஏன் என்று அவன் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டான். நீ ஏதோ குழம்பிவிட்டாய், அப்படி நடக்காது என்றார் அவர். மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு அங்கிருந்த ஆசிரியரிடமும் கேட்டான். இது எம்பெம்பாவின் இயற்பியல், உலகத்தின் இயற்பியல் இல்லை என்ற பொருளில் கேலியாகப் பதில் வந்தது. அதன்பின் அவன் கணக்கில் தவறு செய்தாலும், இது எம்பெம்பாவின் கணக்கு என்று வகுப்பே சிரிக்கத் தொடங்கியது.

அந்த ஆசிரியர்கள் மீது நாம் கோபப்பட வேண்டியதில்லை. 100 டிகிரியில் இருக்கும் நீர் 35 டிகிரியைக் கடந்துதானே உறைநிலைக்கு வர வேண்டும்? அப்படியிருக்க, ஏற்கெனவே 35 டிகிரியில் இருக்கும் நீரை அது எப்படி முந்தும்? அவர்கள் படித்த பாடப்படி அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் பள்ளியில் உறைபெட்டி இருந்தது, பால் இருந்தது, கேள்வி கேட்ட மாணவனும் எதிரிலேயே நின்றான். செய்து பார்க்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிறகு, தார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த டெனிஸ் ஆஸ்போர்ன் அந்தப் பள்ளிக்கு உரையாற்ற வந்தார். எம்பெம்பா எழுந்து அதே கேள்வியைக் கேட்டான். மாணவர்கள் சிரித்தார்கள். ஆஸ்போர்னுக்கும் விடை தெரியவில்லை. ஆனாலும் சோதித்துப் பார்ப்பதாக வாக்களித்தார். திரும்பிச் சென்று சோதிக்கவும் செய்தார். 1969இல் இருவர் பெயரிலும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இன்று இயற்பியலில் ‘எம்பெம்பா விளைவு’ என்பது அந்த மாணவனின் பெயரால் வந்ததுதான்.

கதை அதோடு முடியவில்லை. 2016இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் கவனமாக அளந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு விளைவு இருப்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை என்றார்கள். வெப்பமானியை வைக்கும் உயரம் சற்று மாறினாலே முடிவு மாறித் தெரியும் என்றும் காட்டினார்கள். விவாதம் இன்னும் தொடர்கிறது. ஆக, எம்பெம்பா சொன்னது சரியா தவறா என்பது இங்கே முக்கியமில்லை. அவன் கேட்டது சோதித்துப் பார்க்கத் தகுந்த கேள்வி. கேலி செய்தவர்கள் இழந்தது அந்தச் சோதனையைத்தான்.

வெங்காயத்துக்கு வருவோம். தினமும் அடுப்படியில் எழும் கேள்வி அது. கண்ணீரை வரவைக்கும் பொருளை உண்டாக்கத் தனியாக ஒரு நொதி இருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டது 2002இல்தான். குழந்தையின் கேள்வி எளிமையாகத் தோன்றலாம்; விடையும் எளிமையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விடை தெரியாததில் நமக்கு வெட்கம் தேவையில்லை.

சரி, பாடத்தை முடிக்கவே நேரமில்லையே, என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. மூன்று சிறிய வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கேள்வியைக் குறித்துவையுங்கள். வகுப்பில் ஒரு நோட்டு போதும். கேட்ட குழந்தையின் பெயரும் தேதியும் அதில் இருக்கட்டும். கூடவே, “நீ இதை எங்கே பார்த்தாய்?” என்று கேளுங்கள். கேள்வி தெளிவாகிவிடும்.

இரண்டாவது, செய்து பார்க்க முடிந்ததைச் செய்யுங்கள். ஒரு மண்பானை, ஒரு எவர்சில்வர் குடம், ஒரு வெப்பமானி போதும். இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றி நிழலில் வையுங்கள். மறுநாள் அளந்தால் பானை நீர் குளிர்ந்திருக்கும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இதையே மழைக்காலத்திலும் செய்யுங்கள். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் ஆவியாவது குறையும், வேறுபாடும் குறையும். ஆவியாதல் பாடம் இதிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, எல்லா விடையையும் நாமே சொல்ல வேண்டியதில்லை. ஊரில் பானை செய்பவர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், மின்கம்பத்தில் ஏறுபவர் இருக்கிறார், வயலில் வேலை செய்யும் பாட்டி இருக்கிறார். பழைய பானை ஏன் முன்போலக் குளிர்விப்பதில்லை என்று பானை செய்பவரிடம் குழந்தைகள் கேட்டு வரட்டும். நீரிலுள்ள உப்பு படிந்து துளைகள் அடைபடுவதை அவர் தம் மொழியில் சொல்வார். இரண்டு பேரிடம் இரண்டு விதமான பதில் கிடைத்தால் இன்னும் நல்லது. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என அடுத்த பாடம் தொடங்கும்.

விடை கிடைத்ததும், கேட்ட குழந்தையின் பெயரைச் சொல்லியே வகுப்பில் சொல்லுங்கள். விடை கிடைக்கவில்லையென்றால் கேள்வி நோட்டிலேயே இருக்கட்டும்.

ஒரு குழந்தையின் கேள்விக்கு வகுப்பு சிரித்தால், அடுத்த கேள்வியை அந்தக் குழந்தை கேட்காது. பார்த்துக்கொண்டிருந்த மற்ற குழந்தைகளும் கேட்க மாட்டார்கள். எம்பெம்பா விடாமல் மூன்றாவது முறையும் கேட்டான். எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தத் துணிச்சல் இருக்காது. முதல் முறை கேட்கும்போதே நாம் காது கொடுத்துவிட வேண்டும்.