சீசர்னு எழுதியிருந்தா ஜூலியஸ் சீசரா?

கயத்தாறுலேருந்து ஒரு தம்பி படம் அனுப்பியிருக்கார். தாத்தாவோட டிரங்குப் பெட்டியில கிடந்த வெள்ளிக் காசாம். "அண்ணே, சீசர்னு எழுதியிருக்கே, ஜூலியஸ் சீசர் காசுதானே?"

இல்ல தம்பி. அவருக்கப்புறம் ரோமை ஆண்டவங்களும் அந்தப் பேரைச் சேத்துக்கிட்டாங்க. காசைத் திருப்புங்க. ரெண்டு பசங்க நின்னு, நடுவுல ரெண்டு கேடயம், ஈட்டி இருந்தா அகஸ்டஸ் காசு. பசங்க அவரோட பேரனுங்க, கையஸும் லூசியஸும். வாரிசா தத்தெடுத்து வெச்சிருந்தார், கி.பி. 2லயும் 4லயும் ரெண்டு பேருமே செத்துட்டாங்க. ஒரு அம்மா கிளையும் கோலுமா உக்காந்திருந்தா டைபீரியஸ் காசு. நம்ம பக்கம் கிடைக்கிற ரோமானிய வெள்ளியில பெரும்பாலும் இந்த ரெண்டுதான். 1842ல கோவை வெள்ளலூர்ல 500க்கு மேல புதையலா கிடைச்சப்பவும் அப்படித்தான்.

ரோமானிய வியாபாரிங்க எதுக்கு வந்தாங்கன்னு தெரியும்: மிளகு, துணி, முத்து. கொற்கையில முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளைத்தான் இறக்கினாங்கன்னு பெரிப்ளூஸ்ங்கற பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்லுது. ரோமாபுரிச் சீமாட்டி போட்ட முத்துமாலையைப் பேசுற நாம, மூச்சடக்கி முங்கினவனைப் பேசுறதே இல்ல. சரி, காசுக்கு வருவோம்.

எனக்குச் சிலிர்ப்பான சம்பவம் இலங்கையில நடக்குது. செங்கடல் வரியைக் குத்தகை எடுத்த அன்னியஸ் புளோகாமஸோட ஆள் ஒருத்தர், முன்னாள் அடிமை, காத்துல அடிச்சுக்கிட்டுப் போய் அங்க கரையேறினார்னு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுறார். ராஜா ஆறு மாசம் விருந்து வெச்சுக் கதை கேட்டார். வந்தவர்கிட்ட இருந்த காசுகளையும் பாத்தார். முகம் வேற வேற. எடை மட்டும் ஒண்ணு! ராஜா மாறியும் எடை மாறலையா, இவங்க நேர்மையான ஆளுங்கன்னு நாலு தூதரை ரோமுக்கு அனுப்பிட்டார். அப்ப அங்க கிளாடியஸ் ஆட்சி.

அடுத்து வந்த நீரோ கெடுத்தார். ஒரு ராத்தல் வெள்ளியில 84 காசு அடிச்சது, கி.பி. 64ல 96 ஆச்சு. வெள்ளியோட தரமும் குறைஞ்சது. அதுக்கப்புறம் அடிச்ச வெள்ளிக் காசு தெற்கத்திப் புதையல்கள்ல அபூர்வம். ஆராய்ச்சிக்காரங்க வேற காரணமும் சொல்வாங்க. இங்க தராசு பிடிச்சவர் வேணாம்னு தள்ளிட்டார்னுதான் நான் சொல்வேன். ரோம் நமக்குக் கொட்டிக் கொடுத்துச்சுன்னு மேடைக்கு மேடை முழங்குறோம், எடை போட்டு வாங்கின நம்ம வியாபாரிக்கு ஒரு கைத்தட்டல் கிடையாது.

அகஸ்டஸ் காசுலயும் தில்லுமுல்லு உண்டு. உள்ள செம்பு, மேல வெள்ளி போர்த்தினதும் அந்தக் காலத்துலயே இங்க வந்திருக்கு. அதனால தம்பி, நகைக்கடைத் தராசுல வெச்சுப் பாருங்க. நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவா இருக்கணும். தேய்ஞ்ச இடத்துல, விளிம்புல செம்பு எட்டிப் பாக்குதான்னு கவனிங்க. விளிம்பைச் சுத்தி ஒட்டுப் போட்ட மாதிரி கோடு ஓடினா நேத்து வார்த்த போலியா இருக்கலாம். புளி போட்டு மட்டும் தேய்ச்சிடாதீங்க. அழுக்கோட அப்படியே நெல்லை அரசு அருங்காட்சியகத்துல கொண்டுபோய்க் காட்டுங்க.